புயலில் புரளாத சக்கர வீடு

'கேரவன்' என்றதும் நம்மில் பலருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் குளிர்சாதன வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே கேரவன் என்பது எஞ்சின் இல்லாத ஒரு வண்டி. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, மேசை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கடற்கரைக்கோ மலையடிவாரத்திற்கோ அதை இழுத்துச் செல்வார்கள். இருபது முப்பது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பின்னும் அதை எறிந்துவிடுவதில்லை. வயலோரத்திலோ கடலோர முகாமிலோ ஓரிடத்தில் நிலையாக நிறுத்தி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டு வாடகை கொடுக்க இயலாதவர்கள் ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்பதும் உண்டு.

கோடைக்காலத்தில் இதில் தொல்லை எதுவும் இல்லை. குளிர்காலத்தில்தான் சிக்கல் எழுகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை அட்லாண்டிக் கடலிலிருந்து தாழ்வழுத்த மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தீவுகளின் மீது வந்து மோதுகின்றன. 1987 அக்டோபர் 15-ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டி வீசிய பெரும்புயல் தெற்கு இங்கிலாந்தில் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2022 பிப்ரவரி 18 அன்று வீசிய 'யூனிஸ்' புயலின்போது வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 196 கி.மீ. வேகத்தில் ஒரு வீச்சு பதிவாயிற்று. இப்படிப்பட்ட நாட்களில் கவிழ்ந்து கிடக்கும் கேரவன்களின் படங்கள் செய்தித்தாள்களில் தவறாமல் வெளியாகும்.

செங்கல் வீடு நிற்கும் இடத்திலேயே இந்தச் சக்கர வீடு ஏன் புரள்கிறது? பழைய வண்டி ஒன்றை எந்த அளவுக்கு உறுதிப்படுத்த முடியும்? எந்த இடத்தில் நம் முயற்சியை நிறுத்திவிட்டு வண்டியை விட்டு வெளியேற வேண்டும்? உயர்நிலைப் பள்ளி இயற்பியலே இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லப் போதுமானது.

காற்று எவ்வளவு அழுத்துகிறது?

காற்றுக்கு எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் இருக்கும். ஓடிவரும் காற்றை ஒரு சுவர் தடுத்து நிறுத்தும்போது, அக்காற்றின் இயக்க ஆற்றல் சுவரின் மீது அழுத்தமாக மாறுகிறது. அதன் அளவைக் காண எளிய சூத்திரம் ஒன்று உண்டு: அழுத்தம் = 0.6 × வேகம் × வேகம். வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், அழுத்தம் பாஸ்கல் அலகில் கிடைக்கும்.

மணிக்கு 36 கி.மீ. வேகமுள்ள காற்று, அதாவது நொடிக்கு 10 மீட்டர், ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 6 கிலோகிராம் எடை அளவுக்கு அழுத்தும். வேகம் 72 கி.மீ. ஆனால் அழுத்தம் 24 கிலோகிராம் ஆகிறது. 108 கி.மீ.யில் 55 கிலோகிராம், 144 கி.மீ.யில் 98 கிலோகிராம். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்த வர்க்க விதியை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வருபவை எல்லாம் எளிதில் விளங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வானிலை அறிக்கையில் சொல்லப்படும் காற்றின் வேகம் பெரும்பாலும் பல நிமிடங்களின் சராசரி. ஆனால் காற்று சீராக வீசுவதில்லை, விட்டுவிட்டு வீசுகிறது. சில நொடிகளே நீடிக்கும் வீச்சின் வேகம் சராசரியைப் போல் ஒன்றரை மடங்கு வரை இருக்கலாம். வண்டியைக் கவிழ்ப்பது சராசரிக் காற்று அன்று, இந்த வீச்சுதான்.

புரட்டும் திறனும் நிறுத்தும் திறனும்

இப்போது ஒரு நடுத்தரப் பழைய கேரவனைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதன் உடல் 5.5 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். தரைக்கும் அடிப்பலகைக்கும் இடையே அரை மீட்டர் இடைவெளி. இரு சக்கரங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே 2 மீட்டர். மொத்த எடை 1000 கிலோகிராம்.

காற்று பக்கவாட்டில் வந்து மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கச் சுவரின் பரப்பு 11 சதுர மீட்டர். காற்று எதிர்ப்பக்கச் சுவரை அழுத்துவதோடு நிற்பதில்லை. மறுபக்கச் சுவரை வெளியே இழுக்கவும் செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெட்டி வடிவப் பொருளுக்கு மேலே கண்ட அழுத்தத்தை 1.2 ஆல் பெருக்க வேண்டும். 108 கி.மீ. வேகத்தில் இந்த விசை சுமார் 7,130 நியூட்டன் ஆகிறது. ஏறத்தாழ 727 கிலோகிராம் எடையைப் பக்கவாட்டில் வைத்துத் தள்ளுவதற்கு இது சமம்.

இந்த விசை சுவரின் நடுவே, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் செயல்படுவதாகக் கொள்ளலாம். ஆகவே அதன் திருப்புத்திறன் 7,130 × 1.5, அதாவது சுமார் 10,700 நியூட்டன் மீட்டர். வண்டி புரண்டால் காற்றுக்கு மறுபக்கத்துச் சக்கரத்தைச் சுற்றித்தான் புரளும். அதைத் தடுத்து நிறுத்துவது வண்டியின் எடை. அது அந்தச் சக்கரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி, வண்டியின் நடுவே கீழ்நோக்கிச் செயல்படுகிறது. அதன் திருப்புத்திறன் 9,800 நியூட்டன் மீட்டர்தான். புரட்டும் திறன் நிறுத்தும் திறனை மிஞ்சிவிட்டது, வண்டி கவிழும்.

ஒரு காலித் தீப்பெட்டியைக் கொண்டு வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதை உரசும் பக்கத்தின் மேல், நீளவாக்கில் நிறுத்தி, அகன்ற பக்கத்தில் ஊதுங்கள், உடனே சாய்ந்துவிடும். அதே நிலையில் குறுகிய முனையில் ஊதுங்கள். சறுக்கிக்கொண்டு போகுமே தவிரப் புரளாது.

கூரை மேலே இழுக்கப்படுகிறது

மேலே போட்ட கணக்கில் ஒரு விசையை விட்டுவிட்டோம். காற்று கூரையின் மேலே வளைந்து விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்குக் கீழே பிடித்து, அதன் மேற்புறமாக ஊதினால் காகிதம் மேலெழுவதைப் பார்க்கலாம். கேரவனின் கூரையும் அவ்வாறே மேல்நோக்கி இழுக்கப்படுகிறது.

கூரையின் பரப்பு 12.1 சதுர மீட்டர். சராசரி மேலிழுப்பு, காற்றழுத்தத்தில் பாதி என்று கொண்டால், 108 கி.மீ. வேகத்தில் அது சுமார் 333 கிலோகிராம் ஆகிறது. வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றே தூக்கிக்கொண்டுவிட்டது! இந்த மேலிழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், நம் வண்டி கவிழத் தொடங்கும் வேகம் மணிக்குச் சுமார் 90 கி.மீ. ஆகும். பிரிட்டனின் கடலோரத்தில் இத்தகைய வீச்சு ஒவ்வொரு குளிர்காலத்திலும் பலமுறை வருவது.

புரள்வதற்கு முன்பே வண்டி நகர்ந்துவிடவும் கூடும். ஈரப் புல்தரையில் உராய்வுக் குணகம் 0.4 என்று கொண்டால், 74 கி.மீ. வேகத்திலேயே அது பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கும். சறுக்கும் சக்கரம் ஒரு கல்லிலோ பள்ளத்திலோ தட்டினால் அந்த அதிர்ச்சியே வண்டியைக் கவிழ்த்துவிடும்.

எடை ஏற்றினால் போதுமா?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை, உள்ளே எடையை ஏற்றுவதுதான். தண்ணீர்த் தொட்டியை நிரப்பு, மணல் மூட்டையை அடுக்கு என்பார்கள். இதனால் நன்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாம் எண்ணும் அளவுக்கு இல்லை. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் எடை பத்தில் ஒரு பங்கு கூடும். கவிழும் வேகமோ 90 கி.மீ.யிலிருந்து 95 கி.மீ. வரைதான் உயரும். எடையை இருமடங்காக்கி 2000 கிலோகிராம் ஆக்கினாலும் 128 கி.மீ.யைத்தான் எட்டும். எடை நேர்விகிதத்தில் கூடுகிறது, காற்றின் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. இந்தப் போட்டியில் எடை வெல்ல முடியாது. அத்துடன், பழைய அச்சும் டயர்களும் அடிப்பலகையும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டுமே!

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. அதுதான் தீப்பெட்டி கற்பித்த பாடம்: வண்டியின் குறுகிய முனையைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துவது. அப்போது காற்று மோதும் பரப்பு 11 சதுர மீட்டரிலிருந்து 4.4 ஆகக் குறைகிறது. நிறுத்தும் எடை செயல்படும் தொலைவும் 1 மீட்டரிலிருந்து சுமார் 2.5 மீட்டராகக் கூடுகிறது. வண்டியின் இரு முனைகளிலும் உறுதியான தாங்கு கட்டைகள் இருந்தால், மேலிழுப்பைச் சேர்த்துக்கொண்டாலும், கவிழும் வேகம் சுமார் 150 கி.மீ. ஆகிவிடும். நூறு மூட்டை மணல் செய்யாததை ஒரு திருப்பம் செய்துவிடுகிறது.

ஆனால் இதையே முழுதும் நம்பியிருக்க இயலாது. பிரிட்டனைக் கடக்கும் புயல்களில் காற்று பெரும்பாலும் தெற்கிலோ தென்மேற்கிலோ தொடங்கி, சில மணி நேரத்தில் மேற்குக்கோ வடமேற்குக்கோ மாறிவிடுகிறது. நள்ளிரவில் காற்று திசை மாறும்போது யார் எழுந்து வண்டியைத் திருப்புவது? எனவே தரையோடு பிணைப்பதைத் தவிர்க்க முடியாது.

ஆட்டத்தை நிறுத்துதல்

கட்டுவதற்கு முன் வண்டியின் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கேரவனின் உடல் ஸ்பிரிங் அல்லது ரப்பர் மீது அமர்ந்திருக்கிறது. டயரிலும் காற்றுதான். ஒவ்வொரு வீச்சிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்குமானால், 5 பாகை சாய்வில் அது கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நிறுத்தும் எடையின் தொலைவு 100 சென்டிமீட்டரிலிருந்து 91 ஆகக் குறைகிறது. வீச்சுகளின் இடைவெளி வண்டியின் இயல்பான ஆட்ட காலத்தோடு ஒத்துப்போனால், ஊஞ்சலைத் தக்க நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும்.

வண்டியின் நான்கு மூலைகளிலும் திருகி இறக்கும் கால்கள் உண்டு. அவை உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமலிருக்க வைக்கப்பட்டவை. முழு எடையைத் தாங்கவோ தூக்கவோ அவை செய்யப்படவில்லை. பழைய வண்டியில் அவற்றின் மரைகள் துருவேறியும் இருக்கும். ஆகவே அச்சுக்கு அருகிலும் இரு முனைகளிலும், சேஸிஸ் எனப்படும் இரும்பு அடிச்சட்டத்துக்கு நேர் கீழே, அகலமான பலகையின் மேல் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். அடிப்பலகைக்கு முட்டுக்கொடுத்தால் பலகை உடையும்.

தரையோடு பிணைத்தல்

பிணைப்பு எவ்வளவு வலிமையாக இருக்க வேண்டும்? நொடிக்கு 40 மீட்டர், அதாவது 144 கி.மீ. வீச்சு பக்கவாட்டில் வருமென்று கொள்வோம். மேலிழுப்பையும் சேர்த்த புரட்டும் திறன் சுமார் 24,800 நியூட்டன் மீட்டர். வண்டியின் எடை இதில் 9,800-ஐச் சமாளிக்கும். மீதி 15,000-ஐப் பிணைப்பு தாங்க வேண்டும். காற்று வரும் பக்கத்துச் சேஸிஸில், மறுபக்கச் சக்கரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கட்டினால், தேவையான கீழ்நோக்கிய இழுப்பு 7,500 நியூட்டன், அதாவது சுமார் 770 கிலோகிராம். இரண்டு கட்டுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 385 கிலோகிராம். பாதுகாப்புக்காக இதை இருமடங்காக்கிக்கொள்வது முறை. சறுக்குவதையும் தடுக்கக் கட்டுகளை வெளிப்புறமாகச் சாய்த்துக் கட்ட வேண்டும். 45 பாகை சாய்த்தால் இழுவிசை 1.4 மடங்கு வரை கூடலாம். காற்று எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்பதால் இருபுறமும் கட்டுகள் தேவை.

இனி, இந்த 385 கிலோகிராமை எது பிடித்துக்கொள்ளும்? கூடாரத்துக்கு அடிக்கும் முளைகளால் இயலாது. எடையால் மட்டுமே பிடிப்பதானால், ஒவ்வொரு பக்கமும் 55 சென்டிமீட்டர் உள்ள கான்கிரீட் கனசதுரம் தேவை. அதன் எடை 400 கிலோகிராம். ஆழத் திருகி இறக்கும் நங்கூரம் இதைவிடச் சிக்கனமானது. அதன் அடியிலுள்ள சுருள்தட்டு, தனக்கு மேலிருக்கும் மண் முழுவதையும் தன் எடையாகச் சேர்த்துக்கொள்கிறது. எனவே அதன் பிடிப்பு ஆழத்தைப் பொறுத்தது. தண்டின் தடிமனை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

இங்கே ஆர்க்கிமிடீஸ் குறுக்கிடுகிறார். குளிர்கால மழையில் நிலம் நீரில் ஊறிவிட்டால், மூழ்கிய மண்ணின் பயனுறு எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும். புதைத்த 400 கிலோகிராம் கான்கிரீட் முழுதும் நீரில் மூழ்கினால், சுமார் 235 கிலோகிராம் அளவுக்குத்தான் பிடிக்கும். கோடையில் இழுத்துப் பார்த்து உறுதி என்று முடிவு செய்த நங்கூரம் ஜனவரியில் பிடுங்கிக்கொண்டு வருவதன் காரணம் இதுதான். சுற்றிலும் வாய்க்கால் வெட்டி நீரை வடியவிடுவதும் வண்டியைக் கட்டுவதன் ஒரு பகுதியே.

கட்டும் பட்டையும் முக்கியம். நைலான் கயிறு நீளும். பாலியெஸ்டர் பட்டையோ இரும்புச் சங்கிலியோ அவ்வளவு நீளாது. தளர்ந்த கட்டு, கட்டே இல்லாததைவிடச் சற்றே மேல் எனலாம். தளர்வு உள்ள தூரம் வரை வண்டி வேகம் பெற்று, பிறகு ஒரே வெட்டாகக் கட்டை இழுக்கும். அந்த அதிர்விசை நாம் கணக்கிட்டதைவிடப் பல மடங்காக இருக்கும். ஆகவே இறுக்கும் திருகு வைத்து, புயலுக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டும்.

பழைய உடலின் நோய்கள்

கட்டு, சேஸிஸைப் பிடித்துக்கொண்டது. சேஸிஸ், உடலைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? பழைய கேரவனில் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே. நங்கூரம் பிடித்த பிடியில் நிற்க, சேஸிஸும் சக்கரமும் அப்படியே இருக்க, மேலுள்ள பெட்டி மட்டும் பிய்ந்து போவதும் நடக்கக்கூடியதே.

1960, 70-களில் செய்த வண்டிகளில் மரச் சட்டகம் கட்டி, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே ஒட்டுப்பலகை அல்லது ஹார்டுபோர்டும் அடித்திருப்பார்கள். தகடுகள் சேரும் மூட்டுகளிலும் சன்னல் ஓரங்களிலும் பூசிய பசை காலப்போக்கில் காய்ந்து வெடிக்கிறது. அந்த வழியாக மழைநீர் கசிகிறது. வெளியே அலுமினியம் பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் இற்றுக்கொண்டிருக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கி, மரத்தின் வலிமையைத் தின்றுவிடும். சுவரை விரலால் அழுத்தினால் அமுங்குவதும், மூலையில் புழுங்கல் வாடை வீசுவதும், திருகாணி பிடிப்பின்றிச் சுழல்வதும் அதன் அறிகுறிகள்.

பின்னர் வந்த வண்டிகளில் இரு மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுரைப் பொருளை வைத்து ஒட்டிய அடுக்குப் பலகைகள் பயன்பட்டன. இவற்றின் வலிமை ஒட்டில்தான் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். எளிதில் வளையும், ஏனெனில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதே தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் பலகைபோல் விறைத்துவிடும். ஒட்டு விட்டுப்போன அடுக்குப் பலகையின் விறைப்பு நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். நடக்கும்போது தரை பஞ்சுபோல் அமுங்கினால் ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். உடலைச் சேஸிஸோடு இணைக்கும் போல்ட்டுகள் அந்தத் தரை வழியாகத்தான் செல்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

பழுது பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கசிவை அடைக்க வேண்டும். கசிவு நிற்காமல் செய்யும் வேலை வீண். பிறகு இற்ற மரத்தை நல்ல மரம் தென்படும் வரை வெட்டியெடுத்து, புதுக் கட்டையைச் சாய்வெட்டாகப் பொருத்தி, பசையும் திருகாணியும் சேர்த்து இணைக்க வேண்டும். நான்கு கட்டைகளைச் சேர்த்த சட்டம் தள்ளினால் சாய்சதுரமாகச் சாயும், முக்கோணம் சாயாது. எனவே மூலைகளில் முக்கோணப் பலகைகள் வைப்பதும், உட்சுவரில் ஒட்டுப்பலகையை முழுப் பரப்பிலும் ஒட்டி அறைவதும் உடலை விறைப்பாக்கும். துருவேறிய போல்ட்டுகளை மாற்றி, அகலமான வாஷர் வைத்து முடுக்கினால் விசை ஒரு புள்ளியில் குவியாமல் பரவும்.

உடல் மிகவும் நலிந்திருந்தால், கூரைக்கு மேலாகவும் பட்டை கட்டுவார்கள். அப்போது கூரை விளிம்பில் மரக்கட்டையோ தடித்த ரப்பரோ வைத்து அழுத்தத்தைப் பரப்ப வேண்டும். இல்லையேல் காற்று செய்யாத சேதத்தைப் பட்டை செய்துவிடும்.

சன்னலும் முன்கூடாரமும்

ஒரு சன்னல் உடைந்தால் என்ன ஆகும்? காற்று உள்ளே புகுந்து, பலூனைப்போல் எல்லாப் பக்கமும் வெளிநோக்கி அழுத்தும். எதிரெதிர்ப் பக்கங்களில் இது ஒன்றையொன்று ஈடு செய்துவிடுவதால் வண்டியைப் புரட்டாது. ஆனால் கூரையை ஏற்கனவே வெளியே இழுக்கும் காற்றுக்கு உள்ளேயிருந்து ஒரு கை கொடுக்கும். எனவே உள்ளழுத்தம் வண்டியைக் கவிழ்ப்பதில்லை, பிய்க்கிறது. சன்னல், கதவு, கூரைத் துளை ஆகியவற்றின் தாழ்களைச் சரிபார்ப்பது சில்லறை வேலை அன்று.

வண்டியோடு சேர்த்துக் கட்டும் துணிக் கூடாரத்தைப் புயல் அறிவிப்பு வந்தவுடனே கழற்றிவிட வேண்டும். அது பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். பிய்ந்து போகும்போது தான் மாட்டியிருக்கும் சுவர் விளிம்பையும் உரித்துக்கொண்டு போகும்.

அமெரிக்கா கற்ற பாடம்

இவை வெறும் கணக்குகள்தாமா? அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதற்கு ஒரு பெரும் பரிசோதனைக் கூடமாயிற்று. அங்கே தொழிற்சாலையில் செய்து, சக்கரத்தில் கொண்டுவந்து நிறுத்தும் வீடுகளில் ஏராளமானோர் வசிக்கின்றனர். இத்தகைய வீடுகளுக்கு நாடு முழுவதற்குமான கட்டுமான விதிகள் 1976 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. 1992 ஆகஸ்ட் 24 அன்று தாக்கிய 'ஆண்ட்ரூ' சூறாவளியில் தெற்கு புளோரிடாவின் இத்தகைய வீடுகள் பெரும் அழிவுக்குள்ளாயின. அதன்பின் 1994-இல் விதிகள் கடுமையாக்கப்பட்டன. காற்று மிகுந்த பகுதிகளுக்குத் தனி வலிமை அளவுகள் விதிக்கப்பட்டன.

2004 ஆகஸ்ட் 13 அன்று 'சார்லி' சூறாவளி புளோரிடாவைத் தாக்கியது. ஒரே ஊரில் மூன்று தலைமுறை வீடுகளும் அருகருகே இருந்தன. 1976-க்கு முந்தியவை மோசமாக நொறுங்கின. 1994-க்குப் பிந்தியவை பெரும்பாலும் நின்றன. நின்ற வீடுகளிலும் சேதம் எங்கே தொடங்கியது தெரியுமா? பிற்காலத்தில் பக்கத்தில் ஒட்டவைத்த கார்க்கொட்டகைகளிலும் தாழ்வாரங்களிலும்தான். அவை பிய்ந்துபோனபோது வீட்டின் கூரையையும் சேர்த்துக் கிழித்தன. கேரவனின் துணிக் கூடாரம் செய்யும் அதே வேலை!

எல்லை எங்கே?

கூரைத் தகடு முதல் மண் வரை இது ஒரு சங்கிலி. தகடு சட்டகத்தோடும், சட்டகம் தரைப்பலகையோடும், பலகை சேஸிஸோடும், சேஸிஸ் பட்டையோடும், பட்டை நங்கூரத்தோடும், நங்கூரம் மண்ணோடும் பிணைந்திருக்கின்றன. மிக நலிந்த கண்ணியின் வலிமையே சங்கிலியின் வலிமை. ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால் அடுத்த கண்ணி அறும்.

நம் நாட்டுத் தகரக் கூரைக்கும் இதே சங்கிலிதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எத்தனையோ கூரைகள் பறந்தன. தகட்டைக் கழியோடு பிணைக்கும் ஜே போல்ட், கழியைச் சுவரோடு பிணைக்கும் கம்பி, சுவரின் அடித்தளம் ஆகிய மூன்றில் எது நலிந்ததோ அது முதலில் விட்டுக்கொடுக்கும். கூரை மேல் அடுக்கும் மணல் மூட்டையும் கல்லும் எடை பற்றிய அந்தப் பழைய நம்பிக்கையே. மேலிழுப்பைத் தாங்க வேண்டியது பிணைப்பு.

இத்தனையும் செய்த பின்னும் எல்லை ஒன்று உண்டு. 144 கி.மீ. வேகத்தில் கட்டுகள் தாங்க வேண்டிய 770 கிலோகிராம், 180 கி.மீ. வேகத்தில் 1,480 கிலோகிராம் ஆகிவிடும். வேகம் கூடியது கால் பங்கு. சுமை கூடியது ஏறத்தாழ இருமடங்கு. முப்பது ஆண்டு மழையில் ஊறிய மரத்திடம் இதை எதிர்பார்க்க முடியாது. அன்றியும், பறந்துவரும் பலகைக்கும் முறிந்து விழும் மரத்துக்கும் எதிராக எந்த நங்கூரமும் காப்பு இல்லை.

ஆகவே கடும்புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் சமையல் வாயு உருளையை மூடி, மின்சாரத்தைத் துண்டித்து, காற்று உரக்கும் முன்பே, பகல் வெளிச்சத்திலேயே செங்கல் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். நாம் போடும் கட்டுகள் எல்லாம், நாம் இல்லாத நேரத்தில் வண்டியைக் காப்பதற்கே. புயல் ஓய்ந்து திரும்பும்போது வண்டி நின்றிருந்தால் மகிழ்ச்சி. நிற்காவிட்டால் இழப்பு ஒரு வண்டி மட்டும்தான்.